எல்லைப் பலகைக்கு நூறடி வடக்கே

சீப்ரூக்கில் என் பெட்ரோல் கடைக்கு
நூறடி தெற்கே மாசசூசெட்ஸ் முடிகிறது.
அங்கே தலைக்கவசம் சட்டம்.
இங்கே, பதினெட்டு தாண்டிவிட்டால்
தலை அவரவருடையது.

ஜூன் சனிக்கிழமைகளில்
கூட்டங்கூட்டமாய் வந்து நிற்பார்கள்,
பெட்ரோலுக்கு அல்ல.
தாடைக்கடியில் விரலை விட்டு
கிளிப்பை விடுவிக்கும் சத்தம்,
அடுக்களையில் நாலைந்து பேர் உட்கார்ந்து
பீன்ஸ் கிள்ளுவது போல.
அப்புறம் எல்லோருமே
தலையைச் சிலுப்பிக்கொள்வார்கள்.
அந்த முகங்களை நான் கேலி செய்யமாட்டேன்.
வியர்த்த மயிருக்குள் காற்று நுழைவது
என்னவென்று எனக்கும் தெரியும்.

கழற்றியதைப் பின்சீட்டில் கட்டுவார்கள்.
சிலர் மறந்துவிட்டுப் போவார்கள்:
ஐஸ் பெட்டியின் மேல்,
டயருக்குக் காற்றடிக்கும் குழாயருகே,
ஒருமுறை கழிப்பறைக் கொக்கியில்.
கல்லாவுக்குப் பின்னால் ஓர் அலமாரி.
எஞ்சின் ஆயிலுக்கும் சூயிங்கத்துக்கும் நடுவே
ஏழு காலித் தலைகள்.
திங்கட்கிழமை தூசி தட்டுவேன்.

ஆர்மண்ட் பெல்டியர் விட்டுப்போனது பச்சை.
பின்மண்டையில் ஒரு மீன் ஸ்டிக்கர்.
காபிக்குச் சில்லறை எண்ணியபடி சொன்னார்:
"ஒன்றரைக் கிலோ, லொரேன்.
அறுபத்தோரு வயதில் எனக்கு
இன்னும் எதற்குத் தலைக்கனம்?"
சிரித்தேன். நல்ல ஜோக்தான்.
சிகரெட் விற்கிறேன், லாட்டரிச் சீட்டு விற்கிறேன்,
நான் யாருக்கு என்ன சொல்ல?

மூன்று கோடை கழித்து வந்தார்.
காரில். மனைவி ஓட்டி வந்தாள்.
நார்த்வுட் தாண்டி ஒரு மான், என்றாள்.
அதற்கு மேல் அவள் சொல்லவில்லை.

"பச்சை," என்றார் ஆர்மண்ட், அலமாரியைக் காட்டி.
எடுத்துக் கொடுத்தேன்.
மாட்டிப் பார்த்தார்.
இடது காதுக்கு மேலே முட்டிக்கொண்டு நின்றது.
திருப்பினார், சாய்த்தார், அழுத்தினார்.
எலும்பை எடுத்து வேறு தகடு வைத்த இடம்.
"உன் கடை ஈரத்துக்கு," என்றார்,
ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்து,
"சுருங்கிவிட்டது."

கேட்டிருக்கக்கூடாது. கேட்டேன்.
"இன்றைக்கென்றால் போட்டிருப்பீர்களா?"
காபி மெஷின் ஒரு சுற்று முடிக்கும் வரை யோசித்தார்.
"அந்த நாற்பது மைல்," என்றார்,
"ரொம்ப நன்றாக இருந்தது."

கதவோரமாய் நின்ற கிளெண்டா திரும்பினாள்.
"அவருக்கு அது ஒன்றும் ஞாபகமில்லை.
நன்றாக இருந்தது என்று
நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.
பின்னால் உட்கார்ந்திருந்தது நான்.
சாலையெல்லாம் லூபின் பூத்திருந்தது.
அவர் என்னவோ கத்திப் பாடிக்கொண்டிருந்தார்.
எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.
என்னுடையதை நான் கழற்றவில்லையே."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று அவளுக்கு.
விரிசல்விட்ட அதில் இப்போது
துணிக்கு மாட்டும் கவ்விகள் போட்டுவைத்திருக்கிறாளாம்.
சொல்லிக்கொண்டே வந்து
அவர் சட்டையில் தவறிப்போன ஒரு பொத்தானை
பார்க்காமலேயே பூட்டினாள்.
தினமும் எத்தனை பொத்தான் என்று
என் மனம் கணக்குப் போட்டது.
அவர் தலை. அவர் விருப்பம்.
இவள் விரல்கள்.

அது சட்டமாக வேண்டுமென்றா நினைக்கிறீர்கள் என்று
கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் அவர்
காற்றடிக்கும் குழாய்ப் பக்கம் போய்
யாருடையதோ வண்டியின் டேங்க்கைத்
தடவிக்கொண்டிருந்தார்,
குதிரையைத் தடவுவது போல.
அவள் அவசரப்படுத்தவில்லை.

பச்சையைக் கல்லாமேலேயே விட்டுப்போனார்கள்.
மறதியா, வேண்டுமென்றேவா, தெரியாது.
ஏழாவது இடத்தில் திரும்ப வைத்தேன்,
மீன் வெளியே தெரிகிறபடி.

ஞாயிறு மாலை தெற்கு நோக்கித் திரும்புகிறவர்கள்
மறுபடி இங்கேதான் நிற்பார்கள்,
சட்டத்துக்கு நூறடி முன்னால்,
வெயிலில் சிவந்த காதுகளோடு.
மாட்டும்போது சத்தம் கொஞ்சம் வேறு, கனத்தது.
கல்லாவில் நின்றபடி எண்ணுவேன்.
சனிக்கிழமை மட்டும் எண்ணுவதில்லை.
எண்ணினால் கழித்துப் பார்க்க வேண்டிவரும்.